முதுகுக்குச் சொன்னது

மனித குலத்தின் மாபெரும் நாகரிகங்கள் எல்லாம் நீர்க்கரைகளில்தான் பிறந்தன. சட்டம், சமயம், வணிகம், காதல் எல்லாமே ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மனிதன் கண்டுபிடித்தவை. பிலாவிளையில் அந்தத் தண்ணீர் ஒரு கிளைச் சானல். பத்தடி அகலம். வருடத்தில் ஐந்து மாதம் தண்ணீர் வரும். மீதி ஏழு மாதம், வரும் என்று சொல்வார்கள்.

அமரவிளையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பெரிய ரோட்டை விட்டுத் தெற்கே இறங்கி அரை மைல் நடந்தால் சானல் ஒரு வளைவு எடுக்கும். வளைவில் ஏழு கருங்கல் படிகள். அதுதான் கடவு. மேல்பக்கம் ஆண்கள், தாழைப் புதருக்கு அப்பால் பெண்கள், அதற்கும் கீழே எருமைகள். இந்த வரிசையை யாரும் எழுதிவைக்கவில்லை. எருமைகள்கூட மீறியதில்லை.

கடவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் படியில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் முதுகை இஞ்ச கொண்டு தேய்ப்பார்கள். இஞ்ச என்பது காட்டுக்கொடியின் பட்டையை அடித்து நாராக்கியது. சோப்பு விட்டுவைக்கிற அழுக்கை அது விடாது. தேய்த்து முடிந்தால் இடம் மாறி உட்கார வேண்டும். அப்படி நாற்பது வருடம் பொன்னுதாஸின் முதுகைக் கிருஷ்ணன்குட்டியும், கிருஷ்ணன்குட்டியின் முதுகைப் பொன்னுதாஸும் தேய்த்திருக்கிறார்கள்.

பொன்னுதாஸ் கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். கிருஷ்ணன்குட்டிக்கு வாழைத் தோட்டம். கரையில் கண்டால் கிருஷ்ணன்குட்டி ‘சாறே’ என்பார், பொன்னுதாஸ் ‘நீரு’ என்பார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் இருவருக்கும் இருவரும் ‘எலே’. சட்டையும் செருப்பும் இல்லாத உடம்பில் ஹெட் கிளார்க் என்பதற்குத் தனி அடையாளம் எதுவும் கிடையாது.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை முதுகுக்குச் சொல்லலாம். மகள் ஜோஸ்னா வேறு சபைப் பையனை விரும்புகிறாள் என்பதைப் பொன்னுதாஸ் முதலில் சொன்னது கிருஷ்ணன்குட்டியின் முதுகிடம்தான். மனைவி சரோஜத்துக்கே நாலு நாள் கழித்துத்தான் சொன்னார். துபாயில் வேலை போன மகன் அகிலேஷ் வாடகைக்கு வழியில்லாமல் இருக்கிறான் என்று கிருஷ்ணன்குட்டி சொன்னதும் அப்படித்தான். முதுகு முகம் சுளிக்காது. ஆறுதல் சொல்லாது. “கொஞ்சம் இடத்தே தேய்” என்று இடதுபக்கம் தேய்க்க மட்டும் சொல்லும். தண்ணீர் கேட்டதையெல்லாம் கீழே கொண்டுபோய்விடும்.

விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்த பிறகு, கடல் பிலாவிளைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று நிலத் தரகர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மஸ்கட்டிலிருந்து திரும்பிய மோகனன், சானல் கரையில் கிடந்த ரப்பர் தோட்டத்தை வாங்கி, ‘கனால் வியூ’ என்று பெயரிட்டுப் பதினான்கு வில்லா கட்டினார். பெயரில் பொய் இல்லை. எல்லா பால்கனியிலிருந்தும் சானல் தெரிந்தது. சானலில் தோர்த்து கட்டிக்கொண்டு நின்ற பன்னிரண்டு பேரும் தெரிந்தார்கள். தோர்த்து மெல்லிய துண்டு. நனைந்தால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. வில்லாக்காரர்கள் திருவனந்தபுரத்திலிருந்து கிராமத்து அமைதியைத் தேடி வந்தவர்கள். அந்த அமைதி குனிந்து நின்று கணுக்கால் தேய்த்துக்கொண்டிருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

உடனே ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஒன்று பிறந்தது. வீடுகளுக்கு நம்பர் வந்தது. பொன்னுதாஸின் ‘சானல்கரை சார் வீடு’ பி.ஆர்.ஏ. பதினேழு ஆயிற்று. மோகனன் பிரசிடென்ட். பழைய குடும்பங்களின் சார்பில் பொன்னுதாஸ் செக்ரட்டரி. மனு எழுதுவதில் அவரை வெல்ல அந்தத் தாலுகாவில் ஆளில்லை என்று மோகனன் ஒரு கூட்டத்தில் சொன்னார். பொன்னுதாஸ் அதை மறுக்கவில்லை.

மனு எழுதப்பட்டது. கடவைப் புதுக்கி, அங்கே குளிப்பதையும் துவைப்பதையும் நிரந்தரமாக விலக்கி, பொதுமக்கள் உலாவத் தக்க நடைபாதை அமைத்துத் தர வேண்டும். திறப்புக் கல்லில் சாருடைய பெயர் இருக்கும் என்று மோகனன் வாக்குக் கொடுத்தார். தன் பெயர் கல்லறையில்தான் கல்லேறும் என்று இருந்தவர் பொன்னுதாஸ். உயிரோடு இருக்கும்போதே அதை வாசிக்கலாம் என்பதில் ஒரு கவர்ச்சி இருந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று பிறகு சொல்லவும் வழியில்லை. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை அவரேதான் சேர்த்திருந்தார்.

வேலை இரண்டு வருடம் நடந்தது. ஏழு படிகளையும் பெயர்த்து எடுத்து, வழவழப்பான காங்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் மார்பளவுக்குக் கம்பி வேலி வைத்தார்கள். தாழைப் புதர் போய் போகன்வில்லா வந்தது. ‘ஐ லவ் பிலாவிளை’ என்று ஆள் உயர எழுத்துகள் வந்தன. நடுவில் சிவப்பாக ஒரு இதயம். செய்யக் கூடாதவை பதினொன்றை எழுதிய போர்டு வந்தது. ஸ்டீல் பெஞ்சுகள் ஐந்து வந்தன. கான்ட்ராக்டர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததால் ஐந்தும் சானலுக்கு முதுகு காட்டி ரோட்டைப் பார்த்து அமைந்தன. யாரும் படுத்துவிடாதபடி இருக்கைக்கு இருக்கை இரும்புக் கை இருந்தது. தப்பு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

கிருஷ்ணன்குட்டி இரண்டு வருடமும் வாரத்துக்கு ஒருமுறை கேட்டார்.

“சாறே, கடவு எப்பம் துறக்கும்?”

“சீக்கிரம் துறக்கும்.”

“படி போடுவினுமா?”

“பாப்பம்.”

“எல்லாம் அந்த மோகனன் முடக்குகதாக்கும். அவன் சாவச்செல தொண்டை நனைக்க ஒரு சொட்டு தண்ணி கிட்டாது, பாத்துக்கிடுங்க.”

பொன்னுதாஸ் தொண்டையைச் செருமுவார். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எம்.எல்.ஏ. வந்து திறப்பதாக முடிவானது. பெயர் வெட்டிய கல் திங்களன்றே வந்து நடப்பட்டது. மேலே மஞ்சள் பட்டுத் திரை. ஞாயிற்றுக்கிழமை திரை விலகினால் ஊரே வாசிக்கும். கிருஷ்ணன்குட்டியும் வாசிப்பார். அவர் சண்டைக்கு வரக்கூடிய ஆள் இல்லை. ‘சாறே’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, சாகிற வரை அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பொன்னுதாஸுக்கு அதுதான் பயம். உலகத்தில் அவரை ‘எலே’ என்று அழைக்க இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். கல்லை வாசிப்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணன்குட்டியை வீட்டுக்குக் கூப்பிட்டார். நாற்பது வருடத்தில் கிருஷ்ணன்குட்டி அந்த வீட்டுக்கு ஐந்து முறை வந்திருக்கிறார்: மூன்று சாவு, இரண்டு கல்யாணம். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, எந்த ஜெபக்கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்பது போல் சுவரைப் பார்த்தார். சரோஜம் சாயா கொண்டுவந்து வைத்தார்.

“விஜயம்மைக்கு முட்டுவலி எப்படி உண்டு?” என்று கிருஷ்ணன்குட்டியின் மனைவியைப் பற்றிக் கேட்டார் பொன்னுதாஸ்.

“குறவு உண்டு.”

பொன்னுதாஸ் வாயைத் திறந்தார். எதிரே ஒரு முழு முகம் இருந்தது. கண்ணும் மூக்கும் எதிர்பார்ப்புமாக. வாயை மூடிக்கொண்டார்.

“கிருஷ்ணன்குட்டி, நீரு அந்த ஜன்னல் பக்கம் திரும்பி இரியும். காற்று உண்டு.”

கிருஷ்ணன்குட்டி திரும்பி உட்கார்ந்தார். பயனில்லை. சோபாவின் முதுகு அவர் முதுகை மறைத்துக்கொண்டது.

“பின்ன நான் போயிட்டு வாறேன் சாறே. எதெங்கிலும் விசேஷம் உண்டா?”

“ஒண்ணும் இல்ல. சும்மா.”

அவர் போனதும் சரோஜம் கப்பை எடுத்துக்கொண்டே கேட்டார். “அவியள எதுக்கு விளிச்சிய?”

“கடவுல இருந்தா நாலு வார்த்தை பேசியிருப்பம்.”

“மூணு பாத்ரூம் உண்டு. மூணுலயும் ஷவர் உண்டு. முதுகு தேய்க்க நீளப் பிடி வச்ச பிரஷு மோளு வாங்கி அனுப்பியிருக்கா. இன்னும் கடவு வேணுமாக்கும்.”

“உனக்கு அந்தக் கடவு ஓர்மையே இல்லியா?”

“நல்ல ஓர்மை உண்டு. உங்களுக்கு அது வர்த்தமானம் பேசுக இடம். எனக்கு எட்டு பேருக்க அழுக்குத் துணி. வாஷிங் மெஷின் வந்த அன்னைக்கு நான் முட்டுகுத்தி ஸ்தோத்திரம் சொன்னேன்.”

பொன்னுதாஸுக்கு அந்தப் பக்கத்து நினைவு எதுவும் இல்லை. தாழைப் புதருக்கு அப்பாலிருந்து துணி அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்ததை இத்தனை வருடமும் அவர் ஒரு தாளமாக மட்டும்தான் நினைத்திருந்தார்.

வியாழக்கிழமை மாலை புதுப் பெஞ்சில் முயன்றார். இருவரும் அருகருகே, நடுவில் இரும்புக் கையோடு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். முகம் எதிரே இல்லை என்பது வசதிதான். பொன்னுதாஸ் தொடங்கினார்.

“கிருஷ்ணன்குட்டி, அந்த மனு உண்டுல்லா...”

ஒரு ஆட்டோ வந்து நின்றது. “எங்க போணும்?”

“எங்கயும் இல்ல. போ மக்கா.”

ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த ஆட்டோவும் நின்றது. அதற்கடுத்து உள்வழியாகப் பாறசாலை போகும் பஸ் ஒன்று வேகம் குறைத்து, கண்டக்டர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

“சாறே,” என்றார் கிருஷ்ணன்குட்டி, “நாம எதைப் பாத்துட்டு இருக்கம்?”

“ரோட்டை.”

“ரோட்ட எதுக்குப் பாக்கணும்? அது ஓடுகா?”

அவர் எழுந்து போனார். நடைபாதையில் கூடவே நடக்கலாம் என்றால் அதன் அகலம் ஒரு ஆளுக்கு மட்டுமே. பின்னால் நடந்தால் முதுகு கிடைக்கும் என்று பொன்னுதாஸ் கணக்குப் போட்டார். ஆனால் அவருக்கும் பின்னால் வில்லாக்காரர் ஒருவர் ஓட்டப் பயிற்சியில் வந்து, வழி விடும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை சானலில் தண்ணீர் விட்டார்கள். மூன்று மாதமாக விவசாயிகள் கேட்டும் வராத தண்ணீர், எம்.எல்.ஏ. பார்க்க வேண்டும் என்பதற்காக வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பொன்னுதாஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தண்ணீருக்கு ஒரு மணம் உண்டு: காய்ந்த இலை, சேறு, எங்கோ மேலே யாரோ போட்ட சோப்பு. வாழை மட்டை ஒன்று மிதந்து போனது. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து கடவு வளைவு வரை வருவார்கள். அந்த வளைவும் இப்போது நேராக்கப்பட்டுவிட்டது.

சொல்லிவைத்தது போல் கிருஷ்ணன்குட்டியும் வந்து பக்கத்தில் நின்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது, சோபாவில் பேசாமல் இருப்பது போல் அல்ல.

“நாளைக்கு விடியச்செல ஒரு முங்கு முங்குவமா?” என்றார் பொன்னுதாஸ்.

“போர்டுல குளிக்கப்பிடாதுன்னு உண்டே சாறே.”

“துறக்கதுக்கு முன்ன போர்டுக்கு அதிகாரம் இல்ல.” கோர்ட்டில் முப்பது வருடம் சும்மா போகவில்லை. “பழைய மாதிரி வரணும். ஒரு தோர்த்து. கொஞ்சம் இஞ்ச. வேற ஒண்ணும் வேண்டாம்.”

பழைய மாதிரி என்றால், தோர்த்தைக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து இறங்கி, அதோடு குளித்து, அதையே பிழிந்து துவட்டி, அதையே கட்டிக்கொண்டு திரும்புவது.

ஞாயிறு விடியலில் கோழி கூவும் நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் மார்பளவு வேலியைத் தாண்டுவது ஒரு முழு நிகழ்ச்சி. அதை விவரிப்பது இருவருக்கும் மரியாதையாகாது. சுவர் வழியாகச் சறுக்கி இறங்கினார்கள். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. குளிர் முதலில் கடித்து, பிறகு அடையாளம் கண்டுகொண்டது.

“எலே,” என்றார் கிருஷ்ணன்குட்டி. “தண்ணிக்கு ஒரு மாற்றமும் இல்லலே.”

பொன்னுதாஸுக்குக் கண் கலங்கியது. முங்கி எழுந்தார். முங்கியவன் முகத்தில் எது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. கடவின் வசதிகளில் அதுவும் ஒன்று.

உட்காரப் படி இல்லை. கிருஷ்ணன்குட்டி சுவரில் கையூன்றி முதுகைக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் முதுகு இளைத்திருந்தது. வலது தோளில் வாழைக்குலை சுமந்த தழும்பு அப்படியே இருந்தது. இடுப்புக்கு மேலே அந்த மரு. பொன்னுதாஸ் இஞ்சயை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நாலு இழுப்பு போனது.

“எலே.”

“ம்.”

“மனு எழுதினது நானாக்கும்.”

பொன்னுதாஸ் இன்னும் ஒரு இழுப்பு தேய்த்தார்.

“குளி நிறுத்தணும்னு எழுதினதும் நானாக்கும். அதுல நிரந்தரமாட்டுன்னு ஒரு வார்த்தை உண்டு. அது மோகனனுக்க வார்த்தை இல்ல, எனக்கதாக்கும். கல்லுல பேரு வரும்னு சொன்னான். இன்னைக்குத் திரை எடுத்தா நீ வாசிப்ப. அதுக்கு முன்ன சொல்லணும்னு நெனச்சேன்.”

தண்ணீர் சுவரில் மோதி மோதிப் போனது. சர்ச் பக்கத்து மாமரத்தில் ஒரு காக்கை எழுந்தது.

“கொஞ்சம் இடத்தே தேய்,” என்றது முதுகு.

அவர் இடதுபக்கம் தேய்த்தார். நாற்பது வருடமாக அந்த முதுகு சொன்னவற்றில் இதைவிடப் பெரிய வார்த்தை எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

“செரி, இனி நீ திரும்பு,” என்றார் கிருஷ்ணன்குட்டி.

இஞ்ச கை மாறியது. கிருஷ்ணன்குட்டியின் கை எப்போதும் கொஞ்சம் கடுமை. இன்று இல்லை.

“எலே பொன்னுதாசே, எனக்க சானல்கரை வாழை விளை உண்டுல்லா.”

“உண்டு.”

“அது இப்பம் எனக்கது இல்ல. கடவு அடச்ச அந்தச் சித்திரையில மோகனனுக்கு எழுதிக் குடுத்தாச்சு. ரெண்டாவது செட் வில்லா அங்கயாக்கும் வருகது.”

பொன்னுதாஸ் திரும்ப முயன்றார். ஒரு கை அவர் தோளை அமர்த்தி, முன்பக்கமே பார்க்க வைத்தது.

“நீ அவனைத் தெறியும் சாபமும் சொல்லிட்டுல்லா நடந்த?”

“பின்ன, நிலம் வித்தவன் புகழ்ந்து சொன்னா ஊருக்குச் சந்தேகம் வராதா?”

“இதை யாருட்டயாவது சொல்லணும்னு உனக்குத் தோணல்லியா?”

“யாருட்ட சொல்ல? விஜயம்மைக்கே முழுசாத் தெரியாது. உனக்க முதுகு கிட்டட்டும்னு ரெண்டு வருஷமா கடவு எப்பம் துறக்கும்னு கேட்டுட்டு இருந்தேன்.”

பொன்னுதாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முதுகு குலுங்கியது. தேய்க்கிற கையும் குலுங்கியது. கடவை விற்ற இருவரும் கடவில் நின்று வெகுநேரம் சிரித்தார்கள்.

மேலே ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது. “ஹலோ, மைக் டெஸ்டிங்.” பொழுது நன்றாக விடிந்திருந்தது. இறங்கும்போது சறுக்கிய சுவர், ஏறும்போது சுவராகவே இருந்தது. பொன்னுதாஸின் தோளில் மிதித்து, காங்கிரீட்டில் வெட்டாமல் விட்டிருந்த கம்பி முனையைப் பிடித்து, கிருஷ்ணன்குட்டி ஒருவழியாக மேலே போனார். பிறகு குனிந்து கையைக் கொடுத்து இழுத்தார். பொன்னுதாஸ் பாதி ஏறியபோது அதே கம்பி முனை அவருடைய தோர்த்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் அலமாரியில் மடங்கிக் கிடந்து இற்றுப்போன துணி. அவர் மேலே வந்தார். தோர்த்து கீழே போனது. தண்ணீர் அதை ஆண்கள் பக்கத்தைக் கடந்து, பெண்கள் பக்கத்தையும் கடந்து, எருமைகள் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனது.

வேலியைத் தாண்டியதும் ஒளிந்துகொள்ள ஒன்றுதான் இருந்தது. ‘ஐ லவ் பிலாவிளை’யின் சிவப்பு இதயத்துக்குப் பின்னால் பொன்னுதாஸ் குந்தினார்.

“எலே, எதெங்கிலும் கொண்டா.”

“எனக்க தோர்த்தத் தந்தா நான் என்ன செய்ய?” கிருஷ்ணன்குட்டி சுற்றும் பார்த்தார். போகன்வில்லாவில் முள் இருந்தது. பந்தல்காரர்கள் துணியை இன்னும் வண்டியிலிருந்து இறக்கவில்லை. அவர் திறப்புக் கல்லுக்கு நடந்து போனார். திரையைக் கழற்றினார். கழற்றியவர் உடனே திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கி வாசித்தார்.

“பேரு பதிமூணு உண்டு. உனக்கது ஆகக் கீழ.”

“எழுத்து எப்படி உண்டு?”

“சின்ன எழுத்தாக்கும். ஆனா கொள்ளாம், நல்லா உண்டு.”

மஞ்சள் பட்டுத் திரையை அவர் எட்டி நீட்டினார். பொன்னுதாஸ் அதை இடுப்பில் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, ட்ராக்சூட்டில் மோகனனும், மாலைகளோடு வார்டு மெம்பர் லேகாவும், காலை நடைக்கு வந்த வில்லாக்காரர்கள் எட்டுப் பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள். கல் வெறுமனே நின்றது. பதிமூன்று பெயரும் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. லேகா கல்லைப் பார்த்தார், செக்ரட்டரியைப் பார்த்தார், பிறகு போகன்வில்லாவைப் பார்த்துக்கொண்டார்.

“சாறே,” என்றார் மோகனன், “அது எம்.எல்.ஏ. எடுக்கணுமே.”

கல் இரண்டடிக்கு ஒன்றரை அடி. திரையைக் கல்லின் அளவுக்குத்தான் தைத்திருந்தார்கள்.